பின்சக்கரத்துக்குப் பதினெட்டுக் குண்டு

அநியாயம் நடந்தது எனக்கில்லை அக்கா, ஜெபக்கனிக்கு. நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் தேர்வு ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டர் வரைக்கும் எல்லாரையும்விட நல்ல நேரம் எடுத்திருந்தவளை, பின்சக்கரம் இறுகி நின்றுவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பல்கலைக்கழக அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் கீழே விழவில்லை. மூச்சு வாங்கி உட்காரவில்லை. சக்கரம் நின்றது, அதற்கு அவள் பெயரை அடித்தார்கள். இது எந்த ஊர் நியாயம், சொல்லுங்க.

மடியில் என்ன சக்கரம் என்று நீங்கள் கேட்டீங்க, அதனால் சொல்கிறேன். மற்றவர்கள் முறைத்துப் பார்ப்பதோடு சரி. கண்டக்டர் இதைப் பின்னால் டயரோடு டயராகப் போடச் சொன்னார். சாட்சியை யாராவது மூலையில் போடுவார்களா? கொஞ்ச நேரம் பேசிய பிறகு, "நீயே வச்சுக்க தாயி" என்று போய்விட்டார். உங்கள் சேலையில் கிரீஸ் படாது, பயப்படாதீங்க, நடுவில் துண்டு சுற்றியிருக்கிறேன். பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் கடக் கடக் என்று கேட்கிறதே, அது இதற்குள்ளிருந்துதான். அச்சு சும்மா தொங்குகிறது. ஏன் தொங்குகிறது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

ஜெபக்கனி என் அறைத்தோழி. ஊர் நாசரேத் பக்கம், அங்கேதான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். அவள் அப்பா வாழைத்தார் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவள், எம்.காம். நான் அரசியல் அறிவியல். அவள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாள், நான் அப்போதுதான் படித்து முடித்துப் படுப்பேன். ஆனாலும் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. நான் பேசுவேன், அவள் கேட்பாள். "முடிச்சிட்டியா வக்கீலு?" என்பாள் கடைசியில். அவ்வளவுதான்.

இந்த வருஷம் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டி வடக்கே நடக்கிறது. நான்கு பெண்கள் போகலாம். அதில் ஓட்டிய சான்றிதழ் இருந்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பம் போடலாம். இல்லையென்றால் போட முடியாது. மே மாதம் படிப்பு முடிகிறது, அடுத்த வருஷம் அவள் மாணவியே இல்லை. ஆக அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தேர்வு ஓட்டம், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதைப் புரிந்துகொண்டால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

தேர்வுக்கு நாலு நாள் முன்னால் பின்சக்கரத்தில் மணல் அரைக்கிற மாதிரி சத்தம். சைக்கிள் பல்கலைக்கழகத்துடையது, இந்தப் பின்சக்கரம் மட்டும் அவள் ஊரிலிருந்து கொண்டுவந்து மாட்டினது. உடற்கல்வித் துறையில் எழுதிக் கொடுத்தால் உதிரிபாகம் வர ஒரு மாதம் ஆகும். முதல் குற்றவாளி யார் என்று இங்கேயே தெரிந்துவிட்டது, பாருங்க. துணைவேந்தருக்கு நான் எழுதியிருக்கிற மனுவில் முதல் பத்தியே இதுதான்.

ஜெபக்கனி அதை மேலப்பாளையத்தில் காஜா கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். காஜாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், வாயில் எப்போதும் ஒரு ஸ்போக் கம்பி. ஹப்பைத் திறந்து, குண்டுகளைத் துணியில் உருட்டிப் பார்த்தார்.

"கப்பு நல்லாருக்கு. கோனு நல்லாருக்கு. குண்டுதான் அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிப்போச்சு. மாத்தணும்."

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, சக்கரத்தின் நடுவில் இருக்கிறதே, இது ஹப். உள்ளே இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி ஒன்று, அதுதான் கப்பு; அதன்மேல் வந்து உட்காருகிற கூம்புதான் கோனு. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒன்பது இரும்புக் குண்டு. ஓட்டுகிறவளின் பாரம் முழுக்க அந்தக் குண்டுகள்மேல்தான் உருளுகிறது. சக்கரத்தைக் கடையிலேயே விட்டுப் போகச் சொல்லிவிட்டு, காஜா சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்: பின்சக்கரம், கால் இஞ்ச், பதினெட்டு, எல்லாம் ஒரே பாக்கெட். கடைசி இரண்டு வார்த்தைக்கும் கீழே கோடு போட்டிருந்தார். அப்போதே எனக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை.

சனிக்கிழமை ஜெபக்கனிக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போக வேண்டியிருந்தது. குண்டு நான் வாங்கி வருகிறேன் என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். எனக்கு அன்றைக்கு ஐந்து மணிக்கு மாவட்ட அளவிலான பட்டிமன்றம். இருந்தாலும் போனேன் பாருங்க.

ஜங்ஷனில் உதிரிபாகக் கடை. கவுண்டரில் ஓர் அக்கா, உங்கள் வயதுதான் இருக்கும். டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். "கால் இஞ்ச் பதினொண்ணுதாம்மா கெடக்கு. புதுப் பாக்கெட்டு திங்கக்கிழமை வரும்."

"நாளைக்குத் தேர்வு."

"அப்படின்னா டவுன்ல ஒரு கடை இருக்கு, கேட்டுப் பாரும்மா."

மணி நாலு. டவுன் போய் வந்தால் பட்டிமன்றம் போய்விடும். வேறு என்ன இருக்கிறது என்றேன். ஆறு மில்லிமீட்டர் குண்டு ஒரு ஏழு இருந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தேன் அக்கா. சத்தியமாக ஒரு வித்தியாசமும் இல்லை. அதே பளபளப்பு, அதே கனம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் எது எது என்று கடைக்கார அக்காவுக்கே தெரியவில்லை. பதினொன்றும் ஏழும் பதினெட்டு. வாங்கிவிட்டேன்.

"கலந்து போட்ராதம்மா," என்றார் அந்த அக்கா பின்னாலிருந்து.

எல்லாரும் ஏன் இதையே சொல்கிறார்கள்? பட்டிமன்றம் முடிந்து நேராகக் காஜா கடைக்குப் போனேன். முதல் பரிசு எனக்குத்தான், அது இங்கே தேவையில்லை, சொல்லாமல் விட்டால் நேரக்கணக்கு இடிக்கும் என்று சொல்கிறேன். கையில் கேடயத்தோடு போய் நின்றேன். காஜா குண்டுகளைப் பார்த்தார். நகத்தால் ஒன்றைத் தள்ளினார், இன்னொன்றைத் தள்ளினார். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.

"இது ரெண்டு சாதி தங்கச்சி. நா போட மாட்டேன்."

கேட்டீங்களா? இந்த வார்த்தையைத்தான் சொன்னார். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் மேடையில் சமத்துவத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தவள் நான்.

"குண்டுக்குமா அண்ணே சாதி? இதுவும் இரும்பு, அதுவும் இரும்பு. ஒரே பாக்கெட்டில் பிறந்தால்தான் ஒரே கிண்ணத்தில் உட்காரலாமா?"

"மனுசனுக்கு வேணாம் தங்கச்சி, நானும் வேணாம்னுதான் சொல்லுதேன். குண்டுக்கு வேணும். பெருசா இருக்கது மட்டும் பாரம் தாங்கும். சின்னது சும்மா கெடக்கும். தாங்குறது எத்தன நேரம் தாங்கும்?"

"எவ்வளவு பெரிசு? சொல்லுங்க. எவ்வளவு?"

"அளந்துலாம் எனக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்."

இதுதான் அக்கா நம் நாட்டில் பிரச்சினை. எதையும் அளக்க மாட்டார்கள், ஆனால் ஒதுக்கி வைக்க மட்டும் கைக்குத் தெரியும். நான் விடவில்லை. இப்படித்தான் ஒவ்வொரு தொழிலிலும் ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள் என்றேன். எழுதப்படாத விதி எல்லாமே ஆளை வெளியே நிறுத்தத்தான் என்றேன். அவர் வாயிலிருந்த ஸ்போக்கை எடுத்துக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, ஒங்க கூடப் பேச எனக்கு நேரமில்ல. டவுனுக்கு நானே ஆளனுப்பி வாங்கித் தாரேன், காலைல அஞ்சு மணிக்கு வாங்க. மாட்டித் தாரேன். இல்லன்னா சக்கரத்த எடுத்துக்கிட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தன்மானம் என்று ஒன்று இருக்கிறதில்லையா?

யார் மாட்டினது என்றா கேட்கறீங்க? அதற்குத்தான் வருகிறேன், இருங்க. விசாரணையிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எல்லாருக்கும் இந்த ஒரு கேள்வி மட்டும் எங்கிருந்துதான் கிடைக்கிறதோ.

நான்தான் மாட்டினேன். விடுதியின் சைக்கிள் கொட்டகையில், செய்முறை வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு. ஒரு தவறும் செய்யவில்லை. பழைய கிரீஸைத் துடைத்து எடுத்தேன், புது கிரீஸ் வைத்தேன், பக்கத்துக்கு ஒன்பது எண்ணி வைத்தேன். அதிலும் பாருங்க, பெரிசு எல்லாம் ஒரு பக்கம், மிச்சம் இன்னொரு பக்கம் என்று நான் பிரிக்கவில்லை. இரண்டு கிண்ணத்திலும் சமமாகக் கலந்தேன். ஒரு பெரிசு, ஒரு சின்னது, ஒரு பெரிசு. சுற்றிவிட்டேன். பூனை நடக்கிற மாதிரி, சத்தமே இல்லை. காஜாவைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

எட்டரைக்கு ஜெபக்கனி வந்தாள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, நீயா போட்ட? காஜா அண்ணன் போடலியா?"

"அவருக்கு நேரமில்லையாம்."

அது பொய்யில்லை. நேரமில்லை என்று அவர் வாயால் சொன்னதை நீங்களே இப்போது கேட்டீங்க.

"எல்லாம் ஒரே பாக்கெட்டுதானட்டி?"

ஆமாம் என்றேன்.

அப்படிப் பார்க்காதீங்க அக்கா. அதுவும் பொய்யில்லை. கடையிலேயே இரண்டு பொட்டலத்தையும் பிரித்து ஒரே பாக்கெட்டில் கொட்டித்தான் எடுத்து வந்தேன். தவிர, அவள் கேட்டது குண்டைப் பற்றிய கேள்வியே இல்லை, காஜா அவள் மண்டைக்குள் போட்டுவைத்த பயம் அது. பயத்துக்குப் பதில் சொல்லி உட்கார்ந்திருந்தால் அவள் அன்றைக்குத் தூங்கியிருப்பாளா? ஒரு ஓட்டக்காரிக்கு முந்தின நாள் தூக்கம் எவ்வளவு முக்கியம். நான் அதைத்தான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்கரச் சாலையில் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருத்தியாக விட்டார்கள். நான் பயிற்சியாளர் கதிரேசன் சாருடைய ஜீப்பில் தொற்றிக்கொண்டேன், அதற்கும் வாதாட வேண்டியிருந்தது. இருபதாவது கிலோமீட்டரில் சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள இன்னைக்கு வேற ஆளா இருக்கு" என்றார். அவர் வாயாலேயே. மனுவில் அதையும் மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

இருபத்தாறில் ஒரு சத்தம். மிளகாய் மில்லில் கல் விழுந்த மாதிரி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, இன்னும் குனிந்து அழுத்தினாள். முப்பதைத் தாண்டும்போது சக்கரம் தள்ளாடுவது ஜீப்பிலிருந்தே தெரிந்தது. முப்பத்தொன்றில் நின்றுவிட்டது. அவள் இறங்கினாள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள் அக்கா. காலில் ஆணி வைத்த ஷூ, தார் ரோடு, ஒன்பது கிலோமீட்டர் மிச்சம். இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். சார் ஜீப்பை நிறுத்தி, போதும்மா ஏறு என்றார். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையெல்லாம் கிரீஸ். அந்தக் கிரீஸைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். பழைய சைக்கிள், பழைய ரோடு, ஒரு மாதம் ஆகும் உதிரிபாகம், எல்லாவற்றையும் பற்றி.

"சக்கரம் ஓட்டுறவ பொறுப்பு. விதி அதான்," என்றார் சார். பட்டியலில் 'முடிக்கவில்லை' என்று எழுதிவிட்டார். மனிதாபிமானம் இருக்கிறதா சார் உங்களுக்கு என்று கேட்டேன். இருக்கும்மா, ஆனா நாலு இடம்தான் இருக்கு என்றார். இதெல்லாம் ஒரு பதிலா?

மறுபடி ஒரு ஓட்டம் வைக்க வேண்டும் என்று நான் அன்றைக்கே கடிதம் கொடுத்ததால்தான் விசாரணை நடந்தது. இல்லாவிட்டால் அதுவும் இல்லை. புதன்கிழமை, மூன்று பேர் குழு. ஓட்டியவள் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். தெளிவாகக் கேட்டது. "சக்கரத்தைக் கடைசியாகத் திறந்து மாட்டியது யார்?"

"நாந்தான் சார்," என்றாள் ஜெபக்கனி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மொத்த வழக்கும் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. அணியில் இல்லாதவர்கள் பல்கலைக்கழகச் சைக்கிளைக் கழற்றினால் விடுதியிலிருந்து நீக்கம் என்று கொட்டகைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, உண்மைதான். அது செல்லுமா செல்லாதா என்று நான் மூன்று கோணத்தில் வாதாடியிருப்பேன். இவளை யார் பொய் சொல்லச் சொன்னது? பயம். முதுகலை படித்த பெண்ணுக்கே அதிகாரிகளைக் கண்டால் இவ்வளவு பயம்.

நான் ஏன் உள்ளே போய்ச் சொல்லவில்லை என்றா? வாசலில் பியூன் நின்றார் அக்கா. அனுமதி இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். விதி என்று ஒன்று இருந்தால் மதிக்க வேண்டாமா?

அன்று மாலை அவள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு காஜா கடைக்குத் தனியாகப் போய்வந்தாள். திரும்பி வந்து ஒரு மாத்திரை டப்பாவை என் மேசைமேல் கவிழ்த்தாள். பதினெட்டுக் குண்டும் என் பட்டிமன்றக் குறிப்புகள்மேல் உருண்டன. அவள் ஒவ்வொன்றாக விரலால் தள்ளி இரண்டு குவியலாக வைத்தாள். ஏழும் பளபளவென்று வாங்கினபடியே இருந்தன. பதினொன்றும் தோலுரிந்து கறுத்திருந்தன.

"ஏழு. பதினொண்ணு," என்றாள்.

நான் திங்கட்கிழமையே அதே கடையில் இரண்டு அளவிலும் ஒவ்வொரு குண்டு வாங்கி, இயற்பியல் துறை ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்திருந்தேன். அதைச் சொன்னேன். ஆறு புள்ளி மூன்று ஐந்து, ஆறு புள்ளி பூஜ்ஜியம். வித்தியாசம் புள்ளி மூன்று ஐந்து மில்லிமீட்டர். அரை மில்லி கூட இல்லை ஜெபா, இதற்காக ஒரு சக்கரம் நிற்கும் என்றால் அது சக்கரத்தின் தரக்குறைவு என்றேன். அவள் வழக்கமாக, முடிச்சிட்டியா வக்கீலு என்பாளே, அதைச் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. பெட்டியை எடுத்துத் துணி வைக்க ஆரம்பித்தாள். காலையில் நான் எழுந்தபோது கட்டில் காலி. சைக்கிளை ஒப்படைத்துவிட்டாளாம். இந்தச் சக்கரம் மட்டும் என் கட்டிலில் சாய்ந்து நின்றது. இது ஊரில் இருக்கிற அவள் பழைய சைக்கிளுக்கு அண்ணன் முன்பு வாங்கிக் கொடுத்தது, அவளுடைய சொந்தச் சக்கரம். உள்ளே குண்டு இல்லை. அதனால்தான் இந்தக் கடக் கடக்.

ஒன்பது நாள் ஆகிவிட்டது. போன் எடுப்பதில்லை. இருபத்துமூன்று செய்தி அனுப்பியிருக்கிறேன், எல்லாவற்றையும் படிக்கிறாள், நீலக் கோடு விழுகிறது. பதில் இல்லை. நான் சும்மா இருக்கவில்லை. நாலு பக்கத்தில் மனு. இருநூற்றுப் பதினாலு கையெழுத்து. துணைவேந்தர் அலுவலகம் வரைக்கும் போனேன். பாதிக்கப்பட்டவர் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டோம் என்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பயணம். இதோ, படித்துப் பாருங்க. துறையின் அலட்சியம், விதியின் காலாவதித் தன்மை, பெண்களுக்கான நிதி ஒதுக்கீடு, எல்லாம் இருக்கிறது. குண்டைப் பற்றி இல்லை. தேவையில்லாத விவரம் வழக்கைக் கெடுக்கும்.

புறப்படும்போது காஜா கடை வழியாகத்தான் வந்தேன். பேசக் கூடாது என்றுதான் இருந்தேன், அவரே கூப்பிட்டார். "தங்கச்சி, ஞாயித்துக்கிழம தூத்துக்குடில மாநில அளவுல ஓப்பன் ரேஸு. மொத மூணுக்குள்ள வந்தாலும் ரயில்வேக்கு ஆவுமாம். அந்தப் புள்ளைட்ட சொல்லுங்க." நான் சொல்லவில்லை. நியாயம் கேட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொரு வாசல் வழியாகப் போ என்றால் என்ன அர்த்தம்? அநியாயம் செய்தவர்கள் தப்பித்துப் போகட்டும் என்றுதானே அர்த்தம்? வேறு வாசல் இருக்கிறது என்பதற்காக அடைத்த வாசலை மன்னிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

என்ன, என் கால் ஆடுகிறது என்கிறீங்களா? ஆமாம், உட்கார்ந்தால் ஆட்டிக்கொண்டே இருப்பேன். இந்த ஒன்பது நாளாகத்தான்.

பஸ் ஏறியதும் இருபத்துநான்காவதாக ஒன்று அனுப்பினேன். அது நீளமில்லை. உனக்காக நான் ஊரையே எதிர்த்து நிற்கிறேன், இப்போது உன் சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு உன் ஊருக்கே வருகிறேன், என்னிடமிருந்து உனக்கு என்னதான் வேண்டும், ஒரே வரி சொல்லு என்று கேட்டேன். அதற்கும் நீலக் கோடு விழுந்துவிட்டது, செய்துங்கநல்லூர் தாண்டும்போதே.

இருங்க அக்கா. இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்க. போன் அதிர்கிறது. ஆமாம், அவள்தான். எழுதிக்கொண்டே இருக்கிறாள். வந்துவிட்டது. சத்தமாகவே படிக்கிறேன், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

"ஸ்ரீவைகுண்டத்துல எறங்கி சைக்கிள் கடையில கேளு. கால் இஞ்சு, பதினெட்டுக் குண்டு, எல்லாம் ஒரே பாக்கெட்டு. தூத்துக்குடி ரேஸ காஜா அண்ணன் போன்ல சொன்னாரு, ஞாயித்துக்கிழம ஓட்டணும். இந்தத் தடவ பாக்கெட்ட நீ பிரிக்காதட்டி, நா பிரிச்சுக்கிடுதேன்."